பெட்டிகள் பதினொன்று, மாடி நான்கு

ஒன்பதாம் அத்தியாயம்

வாடகை வண்டிக்காரர் பதினொரு பெட்டியையும் நடைபாதையில் இறக்கிவிட்டு, "இனி உங்கள் பாடு" என்பதுபோல் கையை ஆட்டிவிட்டுப் போனதைப் போன வாரம் பார்த்தோம். நம் குடும்பம் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. புதிதாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். மழை பிடித்துக்கொண்டது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருஷமாக மற்றவர்கள் ஏறி இறங்குவதற்காகத் தன் கையைக் கிரீஸாக்கிக்கொண்டவள். கடல் தாண்டி ஒரு கம்பெனி அவளுக்குப் பரீட்சை வைத்து, பிடித்துப்போய், குடும்பத்தோடு வரச் சொல்லி விசாவும் அனுப்பியது. கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பதினாலு வருஷம் கரும்பலகையில் கண்டம் கண்டமாக வரைந்த மனிதர், எல்லையைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. மனைவிக்காக வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஊரில் இருந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் சமைத்துச் சாப்பிடுகிறது. திரும்பிப் போக இடம் கிடையாது.

மூத்தவளுக்கு ஆறு வயது. யார் எந்த வேலை செய்தாலும் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்ப்பதால் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். சின்னவனுக்கு மூன்று. அவனை வாண்டு என்று சொன்னால் போதும், மீதியை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்.

பதினொரு பெட்டியில் இவர்கள் கட்டியது நான்குதான். மிச்சம் ஏழும் வாத்தியாரின் அக்கா கட்டியது. "அங்க என்ன கிடைக்குமோ என்னவோ" என்ற ஒரே வரியில் ஏழு போர்வை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஏழு மூடி டப்பா, இருபது மீட்டர் துணிக்கயிறு, இரண்டு துடைப்பம் எல்லாம் விமானம் ஏறிவிட்டன. நாத்தனாரிடம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் நம் மெக்கானிக்குக் கிடையாது. இத்தனைக்கும் அவள் பத்தாவது மாடியில் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறவள்.

இவை போதாதென்று வாத்தியார் கையில் ஒரு பூகோள உருண்டை. பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசாரத்துக்குக் கொடுத்தது. விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! எல்லாம் நனையுது!" என்று மேஸ்திரி கத்தினாள். அவள் மட்டும் வாசல் கூரைக்கடியில் நனையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் இடுப்பில் நாற்பது சாவி குலுங்க ஓடி வந்தார். பெயரைச் சொன்னார், இவர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே நாமும் அவரைச் சாவிக்கொத்து என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர். பெட்டிகளை எண்ணிப் பார்த்தார், ஒரு நிமிஷம் மூச்சு விட மறந்தார், பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூக்க ஆரம்பித்தார்.

அந்த நாட்டு பாஷையை அவள் பரீட்சைக்காக எட்டு மாதம் படித்திருந்தாள். அவர்கள் பேசியதை நம் பாஷையில் தருகிறேன். அவள் விட்ட தப்புகளை இரக்கப்பட்டு நான் திருத்திவிட்டேன்.

"நாலாவது மாடி. வலது பக்கம். லிஃப்ட் இருக்கு, பயப்படாதீங்க" என்றார் சாவிக்கொத்து.

லிஃப்ட் என்றதும் அவளுக்குக் கண் விரிந்தது. முப்பது மணி நேரப் பயணக் களைப்பு போன இடம் தெரியவில்லை. கூடத்தின் சுவர், ஜன்னல், மாடிப்படி எதையும் பார்க்காமல் நேராக அங்கே போய் நின்றாள். இருபத்தைந்து வருஷத்துப் பழைய லிஃப்ட். கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். உள்ளே ஒரு தகடு: நான்கு பேர், அல்லது முன்னூற்று இருபது கிலோ.

"கை வைக்காத" என்றார் வாத்தியார் பின்னாலிருந்து.

"தடவித்தானே பாத்தேன்."

"லெட்டர்ல என்ன போட்டிருக்கு?"

என்ன போட்டிருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். அந்த நாட்டின் உரிம அட்டை கைக்கு வரும்வரை எந்த லிஃப்டையும் திறக்கவோ பழுது பார்க்கவோ கூடாது. மீறினால் வேலை ரத்து, வேலை போனால் விசாவும் ரத்து. அட்டையைத் தரப்போவது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. இன்னும் பதினெட்டு மணி நேரம் அவள் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எட்டு வாரமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

பெட்டிகளை லிஃப்டுக்குள் ஏற்றினார்கள். இரண்டு தடவையாக ஏற்றுவதென்று நியாயமாகத்தான் ஆரம்பித்தார்கள். பாதி ஏற்றியபோது வாண்டு தன் பாட்டுக்கு ஒரு அறிவிப்பைச் செய்தான்.

"அம்மா, உச்சா வருது."

"ரெண்டு நிமிஷம்டா கண்ணா."

"இப்பவே வருது."

மூன்று வயதுப் பிள்ளை இப்பவே என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாத்தியார் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் பாய்ந்தார். பின்னாலேயே மேஸ்திரி. நான்காவது ஆளாக உருண்டை. இவர்கள் போனால் மீதிப் பெட்டிகளும் கூடவே போய்விடட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொன்றாகத் திணித்தாள். ஒன்பதாவது பெட்டி உள்ளே போனதும் லிஃப்ட் கீ கீ என்று மணியடித்தது. எடை மீறிவிட்டது.

இங்கேதான் அவள் ஒரு காரியம் செய்தாள். உங்களாலும் என்னாலும் செய்ய முடியாத காரியம். நாமாக இருந்தால் இரண்டு பெட்டியை வெளியே எடுத்திருப்போம். இவள் பன்னிரண்டு வருஷ மெக்கானிக். இந்த மாதிரிப் பழைய லிஃப்டில் எடை பார்க்கும் பொத்தான் தரைக்கடியில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எடையைப் பின்மூலையில் குவித்தால் அது ஏமாந்துபோகும் என்பதும் தெரியும். கயிறு இதைப்போலப் பல மடங்கு தாங்கும், விழாது என்பதும் தெரியும். ஊரில் இந்தத் தந்திரத்தைச் செய்த எத்தனையோ மூட்டைக்காரர்களை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறாள்.

"ஏங்க, அந்தக் கனமான நாலையும் பின்னாடி மூலையில ஒண்ணு மேல ஒண்ணா வைங்க. நீங்களும் மூலைக்குப் போங்க. இன்னும் கொஞ்சம்."

மணி நின்றது. கதவு சாத்திக்கொண்டது.

"நான் படியில வந்துடறேன்!" என்று கத்திவிட்டு, மிச்சம் இரண்டு பெட்டியைக் கூடத்திலேயே விட்டு, தன் டூல்ஸ் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு அவள் படியேறினாள். அதை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டாள்.

மூன்றாம் மாடியைத் தொட்டபோது ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் ஒரு முறை முனகி, டக்கென்று அடங்கியது. அவளுக்கு அந்தச் சத்தம் பெற்ற பிள்ளையின் அழுகை மாதிரி அத்துப்படி. பாரம் தாங்காமல் மோட்டார் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நிற்கிறது.

ஓடிப்போய் மூன்றாம் மாடிக் கதவில் காதை வைத்தாள்.

"ஏங்க! கேக்குதா?"

"கேக்குது, கேக்குது" என்று கீழேயிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. "நின்னுபோச்சு."

"பயமா இருக்கா?"

"எனக்கா? சேச்சே!"

"அம்மா, அப்பா பொய் சொல்றாரு. அப்பாவுக்கு வேர்க்குது" என்றாள் மேஸ்திரி.

வேர்க்காமல் என்ன செய்யும்? மனிதருக்கு மூடிய அறை என்றாலே ஆகாது. குளிக்கப் போனால்கூடத் தாழ்ப்பாள் போடாதவர். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் அவள் எத்தனை முறை கதவைத் திறந்து அலறியிருக்கிறாள்!

சாவிக்கொத்து மூச்சிரைக்க ஏறி வந்தார். கதவிலிருந்த எண்ணுக்கு அவருடைய போனிலிருந்தே அழைத்தாள். அவள் நாளைக்குச் சேரப்போகும் அதே கம்பெனியின் அவசர எண். எடுத்தவள் இனிமையாகப் பேசினாள்.

"பதற்றப்படாதீங்க. உள்ள காத்து தாராளமா வரும். லிஃப்டுக்குள்ள இருக்கறதுதான் பத்திரம். நாற்பது நிமிஷத்துல ஆள் வந்துடுவாங்க."

இதே நான்கு வாக்கியத்தை இதே வரிசையில் பன்னிரண்டு வருஷம் அவள் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். "எதுக்கு இந்த ஜனங்க இப்படிக் கத்துது?" என்று போனை வைத்தபிறகு சலித்துக்கொண்டும் இருக்கிறாள். இப்போது கத்த வேண்டும்போல இருந்தது. நாற்பது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் புரிந்தது.

"அம்மா! உச்சா!" என்றது உள்ளேயிருந்து பொடிக்குரல்.

"ஐயோ, அது வேறயா" என்றார் வாத்தியார். ஒரு நிமிஷம் யோசனை. பிறகு, "அக்கா குடுத்த டப்பா எந்தப் பெட்டியில இருக்கு?"

"நீலப் பெட்டி. மேலாகவே இருக்கும்."

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. போர்வைகள் வெளியே விழும் சத்தமும் கேட்டது.

"பெருசை எடுக்கவா, சின்னதை எடுக்கவா?"

"நடு சைஸ் போதும்ப்பா" என்றாள் மேஸ்திரி. "சீக்கிரம், சீக்கிரம். டேய், நேரா நில்லு. ஆடாத!"

வெளியே நின்றவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆச்சு" என்று வாத்தியார் அறிவித்தார்.

"மூடி சரியா போட்டீங்களா?"

"அக்கா வாங்கினதாச்சே. சொட்டு கசியாது."

இந்த டப்பாக்களை வைத்துத் தம்பதிகள் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள் என்பது பழைய கதை. இப்போது அவள் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, பயத்துக்கு நடுவிலும், வயிறு குலுங்கச் சிரித்தாள். என்ன நடக்கிறதென்று புரியாத சாவிக்கொத்துக்கு அபிநயம் பிடித்து விளக்கினாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளுடைய டூல்ஸ் பெட்டியைப் பார்த்தார். பிறகு தன் இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். முக்கோண வாய் வைத்த சாவி. லிஃப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கும் சாவி.

"இது எனக்கு உபயோகிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்னு நீங்க போன்ல பேசினதிலேயே புரிஞ்சுது" என்றார். "நான் கீழ போய் மழை விட்டுதான்னு பாத்துட்டு வரேன். நான் எதையும் பாக்கல."

சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. ஊரில் இருந்த சாவியின் அதே கனம், அதே வழவழப்பு. மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்தி, லிஃப்டை இரண்டாம் மாடிக்கு இறக்க நான்கு நிமிஷம். அங்கே கதவைத் திறக்க ஒரு நிமிஷம். யாருக்கும் தெரியாது. தெரிந்தால்தான் வேலை போகும். அவளுடைய விரல்கள் தாமாகவே சாவியைத் திருப்பிச் சரியாகப் பிடித்துக்கொண்டன.

"என்ன சத்தம்? சாவியா?" என்றார் வாத்தியார்.

"ம்."

"வெச்சுடு."

"நீங்க உள்ள கஷ்டப்படறீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

"நான் நல்லா இருக்கேன்."

"குரலே சரியில்ல."

"குரல் அப்படித்தான் இருக்கும். இங்க பாரு" என்றார் வாத்தியார். இந்த முறை குரல் நிதானமாக வந்தது. "பதினாலு வருஷ வேலையை நான் எழுதிக் குடுத்துட்டு வந்தது, அஞ்சு நிமிஷ அவசரத்துல நீ தூக்கிப் போடறதுக்கில்ல. உள்ள வெளிச்சம் இருக்கு, காத்து இருக்கு, பிள்ளைங்க சிரிச்சுகிட்டு இருக்கு. நாற்பது நிமிஷம் நான் இருக்கேன். எனக்காக நீ இரு."

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு மனிதரைக் கட்டிக்கொண்டதில் பெருமையாக இருந்தது. அவரை இந்த மூலையில் தள்ளியது தானே என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது. சாவிக்கொத்தைக் கூப்பிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். டூல்ஸ் பெட்டியைக் கைக்கு எட்டாத தூரத்துக்குக் காலால் தள்ளிவிட்டு, கதவோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாம இப்ப எங்க இருக்கோம்?" என்று உள்ளே வாண்டு கேட்டான்.

"சபாஷ். நல்ல கேள்வி" என்றார் வாத்தியார். அவ்வளவுதான், வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. உருண்டை கிறீச்சென்று சுழன்றது. "இதோ இதுதான் நம்ம ஊர். இங்கயிருந்து கிளம்பினோம். இது என்ன, நீலமா?"

"தண்ணி!"

"தண்ணி இல்ல, கடல். இதுக்கு மேல எத்தனை மணி நேரம் பறந்தோம்?"

"நான் தூங்கிட்டேன்."

"நீ தூங்கல, அழுத" என்று மேஸ்திரி திருத்தினாள். "பக்கத்து சீட்டு மாமா காதுல பஞ்சு வெச்சுகிட்டாரு."

"சரி சரி. இப்ப நம்ம லிஃப்ட் எங்க இருக்கு, இதுல காட்டுங்க பாப்போம்."

பிள்ளைகள் உருண்டையில் லிஃப்டைத் தேடினார்கள். வாண்டு அதைக் கடலுக்குள் வைத்தான். மேஸ்திரி பனிப்பிரதேசத்தில் வைத்தாள். வாத்தியார் ஒவ்வொரு தடவையும், "அங்க லிஃப்ட் இருந்தா யார் ஏறுவா?" என்று கேட்டு, அந்த இடத்தின் மிருகத்தையும் குளிரையும் சொல்லி, அந்த மிருகம் லிஃப்டில் ஏறினால் எப்படி நிற்கும் என்று நடித்தும் காட்டினார். திமிங்கிலம் ஏறியபோது வாண்டு சிரித்த சிரிப்பு எல்லா மாடிக்கும் கேட்டது.

கல்யாணமாகி எட்டு வருஷம். அவர் பாடம் எடுத்து அவள் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. காலையில் டிபன் டப்பாவோடு போவார், மாலையில் சாக்பீஸ் தூளோடு வருவார். இடையில் என்ன செய்தார் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. வெளியே சாவிக்கொத்தும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், கண்டம் மாறும்போதெல்லாம் தலையாட்டினார். உள்ளே இருந்தவரின் குரலில் இப்போது பயம் துளியும் இல்லை. இந்த மனிதருக்கு இந்த ஊரில் ஒரு வகுப்பறை கிடைக்க வேண்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்டாள்.

நாற்பத்து மூன்றாவது நிமிஷம் படியில் காலடி கேட்டது. நீலச் சட்டை போட்ட ஐம்பது வயதுப் பெண்மணி, காதில் பென்சில், தோளில் பை. யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் முதலில் "உபயோகிக்காதீர்கள்" பலகையை நிறுத்தினாள். மேலே போய் மின்சாரத்தை அணைத்தாள். கதவை இரண்டு முறை தட்டி, "இறக்கப்போறேன். அசையாம இருங்க" என்று உள்ளே இருப்பவர்களுக்குச் சொன்னாள்.

நம் மெக்கானிக்குக் குஷி தாங்கவில்லை. இரண்டு தட்டு! அவளும் எப்போதும் இரண்டு தட்டுத்தான். வாய்விட்டுச் சொல்லத் துடித்ததை அடக்கிக்கொண்டு, பெட்டிப்பாம்பாக இரண்டாம் மாடிக்கு இறங்கி நின்றாள்.

நீலச் சட்டை மறுபடி மேலே போய்ப் பிரேக்கைத் தளர்த்த, லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. அவள் இறங்கி வந்து சாவியைத் திருப்பினாள். கதவு திறந்தது. முதலில் மேஸ்திரி வெளியே வந்து, "எல்லாரும் பத்திரம். ஒரு டப்பாதான் நஷ்டம்" என்று அறிக்கை கொடுத்தாள். பின்னால் கால்சட்டையில்லாத வாண்டு. கடைசியில் வாத்தியார், ஒரு கையில் உருண்டை, இன்னொரு கையில் மூடிய டப்பா. அவள் நால்வரையும், அதாவது உருண்டையையும் சேர்த்து, கட்டிக்கொண்டாள். டப்பா மட்டும் தப்பித்தது.

நீலச் சட்டை லிஃப்டின் உள்ளே பார்த்தாள். பின்மூலையில் கூரை தொடும் பெட்டிக் கோபுரம். வெகுநேரம் பார்த்தாள்.

"யார் இதை இப்படி அடுக்கினது?"

"பழைய லிஃப்ட்" என்று சாவிக்கொத்து முந்திக்கொண்டார். "அடிக்கடி இப்படித்தான். மெஷின் கோளாறுன்னே எழுதிக்கலாம்."

வாத்தியாருக்கு அந்த பாஷையில் தெரிந்தது முப்பது வார்த்தை. அதில் தேவையானது ஒன்று இருந்தது. "நான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்களா? என்ன வேலை பாக்கறீங்க?"

அவர் உருண்டையை உயர்த்திக் காட்டினார்.

"பூகோள வாத்தியாரா? எடையை எந்த மூலையில வெச்சா மணி அடிக்காதுன்னு பூகோளத்துல சொல்லித் தர்றாங்களா?"

வாத்தியார் புரியாமல் சிரித்தார். சாவிக்கொத்து கூரையைப் பார்த்தார். நம் மெக்கானிக்குக் காது சூடானது. பேசாமல் இருந்தால் மெஷின் கோளாறு என்று போய்விடும். நாளை காலை ஒன்பது மணிக்கு அட்டை கைக்கு வரும். வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் மெஷின் கோளாறு என்று எழுதினால், இல்லாத கோளாறைத் தேடி இந்தப் பெண்மணி நாளெல்லாம் லிஃப்டைப் பிரித்துக் கொட்டுவாள். அப்படி எத்தனை நாள் அவளே பிரித்துக் கொட்டியிருக்கிறாள், யாரோ வாயைத் திறக்காததால்!

"நான்தான்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சே செஞ்சேன். நான் லிஃப்ட் மெக்கானிக். நாளைக்கு உங்க கம்பெனியில சேரணும்."

நீலச் சட்டை பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

"திறக்கறதுக்கு முயற்சி பண்ணீங்களா?"

"சாவி கையில வந்துது. திருப்பிக் குடுத்துட்டேன்."

"பிள்ளைங்க உள்ள இருக்கும்போதா?"

"ஆமா."

"கைய காட்டுங்க."

காட்டினாள். மழையில் நனைந்து வெளிறிய கைகள். ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. நீலச் சட்டை அதைப் பார்த்துவிட்டு, தாளில் ஏதோ நீளமாக எழுதினாள். எழுதி முடிக்கும்வரை நம் ஆளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அதிகப் பாரம்னு எழுதியிருக்கேன். செஞ்சது பயணின்னும் எழுதியிருக்கேன். இன்னைக்கு நீங்க பயணி. முட்டாள்தனம் பண்ற உரிமை பயணிக்கு உண்டு" என்றாள். "நாளைக்கு ஒன்பது மணிக்கு அட்டையைக் குடுக்கப்போறது நான்தான். உங்க டீமுக்கும் நான்தான் தலைவி. அதுக்கு அப்புறம் இதைப் பண்ணினா, இந்தப் பெட்டிங்க பதினொண்ணையும் நானே விமானத்துல ஏத்துவேன். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"ஒன்பதரைக்கு முதல் வேலை. எந்த லிஃப்ட்னு கேக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன். பாரம் மீறினதுக்கு அப்புறம் கயிறு, பிரேக் எல்லாத்தையும் சோதிக்கணும். முழு நாள் ஆகும்."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பொங்கி வந்த சிரிப்பைப் பல்லைக் கடித்து அடக்கினாள். நாலு வார்த்தையும் புரியாத வாத்தியார், மனைவியின் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீலச் சட்டை பலகையை அவளிடம் நீட்டினாள். லிஃப்ட் ஓடாத காரணத்தை எழுத அதில் ஒரு கட்டம். "நீங்களே எழுதுங்க."

பன்னிரண்டு வருஷம் ஊரான் வீட்டுக் குற்றத்தை எழுதிய கை, இன்று அட்சரம் அட்சரமாகத் தன்னுடையதை எழுதியது. அளவுக்கு மீறிய பாரம். நான்காம் மாடி, வலது பக்கம்.

"ஒரே நாள்ல கட்டடம் முழுக்க நம்ம விலாசம் தெரிஞ்சுடும்" என்றார் வாத்தியார், அவள் படித்துச் சொன்னதும்.

சொல்லி வாய் மூடவில்லை. மேலே கதவு திறந்தது. தோளில் ஒரு கைக்குழந்தையும் கையில் ஒட்டும் நாடாச் சுருளுமாக ஒரு பெண் படியிறங்கி வந்தாள். தலை கலைந்திருந்தது. மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள். அந்தக் கண்களை எங்கே பார்த்தோம் என்று நம் மெக்கானிக் யோசித்தாள். போன வாரம் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தது.

அவளைப் பார்த்ததும் சாவிக்கொத்து தலையில் கை வைத்தார். "ஐயோ, ஏழாம் மாடி! மறந்தே போச்சே. இவங்க நாளைக்கு நாட்டை விட்டே போறாங்க."

ஏழாம் மாடிக்காரி பலகையைப் படித்தாள். நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள்.

"நாலாம் மாடி யாரு?"

"நான்தான்" என்றாள் நம் மெக்கானிக். "உங்களுக்கு எத்தனை பெட்டி?"

"பதினாறு" என்றாள் அவள், அழுகிற குரலில். "எங்க அம்மா கட்டினது. பதினொன்றரைக்கு வண்டி வந்துடும்."

ஒன்பதுக்கு அட்டை. ஒன்பதரைக்கு வேலை. முழு நாள் ஆகும் என்று நீலச் சட்டை சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை; இதோ பக்கத்திலேயே பென்சிலும் கையுமாக நிற்கிறாள். வாத்தியார் மனைவியின் முழங்கையைக் கிள்ளினார். வேண்டாம் என்று அர்த்தம். எட்டு வருஷத்தில் அந்தக் கிள்ளல் ஒரு தடவைகூடப் பலித்ததில்லை.

"பதினோரு மணிக்கு லிஃப்ட் ஓடும்" என்றாள் அவள். "ஆனா, ரெண்டு தடவையா ஏத்துங்க."